சுவருக்கு எந்தப் பக்கம்?

அத்தியாயம் 4

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதுல இருக்கற எழுத்துப்பிழையெல்லாம் திருத்திக் குடுத்துடலாமா மேடம்?" என்று கேட்டான் சுப்பிரமணி. "'அத்துமீறி'ல ஒரு 'த்' கம்மி. புகைப்படம் எல்லா இடத்துலயும் 'பொகைப்படமா' இருக்கு. ஸ்டேஷன்ல அடுப்புப் பக்கத்துல உக்காந்து எழுதினாங்களோ என்னமோ."

வினோதினி சிரிக்கவில்லை. கல்யாண ஜோடிகளை உட்கார வைத்துப் படம் எடுக்கும் சிவப்பு ஸ்டூலில் இன்றைக்கு அவளே உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, திருவண்ணாமலையில் ஐந்து வருஷமாகத் தனி ஆளாக ஸ்டுடியோ நடத்துகிறவள். அவளுடைய கேமரா மூன்று நாளாகக் கிரிவலப் பாதையில் இருக்கும் புறக்காவல் நிலையத்து அலமாரியில் அடைந்து கிடந்தது.

மதிவதனி கடிதத்தை வாங்கிப் படித்தாள். நான்கு வருஷம் கறுப்பு கவுன் போட்டு வக்கீலாக இருந்துவிட்டு, கோர்ட்டில் வாய்தா வாங்குவதைவிட ஊருக்குள் உண்மையை வாங்குவது சீக்கிரம் முடிகிற காரியம் என்று கண்டுகொண்டு, தேரடி வீதியில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் போட்டவள் அவள். உதவியாளன் சுப்பிரமணி, அதற்கு முன்னால் தனியார் பஸ் கண்டக்டர். ஒரு பெரிய மனுஷனின் மச்சானிடம் டிக்கெட் கேட்டதற்காக வேலை போனது. வேலை போனதில் அவனுக்கு வருத்தம் இல்லை. அந்த மச்சான் கடைசி வரைக்கும் டிக்கெட் வாங்காமலே இறங்கிப் போனதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

கடிதம் சின்னதுதான். பிழைகளைத் திருத்திப் படித்தால் இப்படி: 'சகாதேவன் அவர்களின் லாட்ஜ் காம்பவுண்டுக்குள் அத்துமீறி நுழைந்து, பெண்கள் குளியலறைப் பக்கம் நின்று புகைப்படம் எடுத்தது என் தவறு. இனிமேல் எந்தப் பொது இடத்திலும் அனுமதியில்லாமல் புகைப்படம் எடுக்க மாட்டேன்.' கீழே வினோதினியின் பெயர். அதற்கு மேலே கையெழுத்துக்குக் காலி இடம்.

"சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள போடணும்னு எஸ்.ஐ. சொல்லியிருக்காரு," என்றாள் வினோதினி. "இல்லாட்டி எஃப்.ஐ.ஆராம்."

"போட்டா?"

"பொம்பளைன்னுதான் மேடம் என்னைப் பொண்ணு அலங்காரம் பண்ற ரூம் வரைக்கும் விடுறாங்க. பாத்ரூம் பக்கம் எட்டிப் பார்த்தவன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, எந்த வீட்ல எனக்குக் கதவைத் திறப்பாங்க? கேஸ் போட்டாலும் அந்தப் பேருதான், கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பேருதான். செய்யாத தப்புக்கு நான் எதுக்குப் போடணும்? போட மாட்டேன்."

கடைசி இரண்டு வார்த்தையை அவள் அழுத்திச் சொன்ன விதம் சுப்பிரமணிக்குப் பிடித்திருந்தது. டிக்கெட் கேட்ட அன்றைக்கு அவனும் இப்படித்தான் பேசியிருந்தான்.

நடந்தது இதுதான். அடி அண்ணாமலை பக்கத்தில் சகாதேவனின் லாட்ஜ். லாட்ஜின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு பொதுச் சந்து. சந்து முடிகிற இடத்தில் ஊர்க் குளம். ஆறு மாதமாகக் குளத்துத் தண்ணீர் நாறுகிறது, இறங்கினவர்களுக்கெல்லாம் அரிப்பு. லாட்ஜ் சுவரில் ஓட்டை போட்டு விட்ட பைப்பில் கக்கூஸ் தண்ணீர் சந்துக்குள் விழுந்து குளத்துக்குப் போகிறது என்று ஊர்க்காரர்கள் மூன்று முறை மனு கொடுத்தார்கள். அப்படி ஒரு பைப்பே இல்லை என்று மூன்று முறையும் சகாதேவனிடமிருந்து பதில் வந்தது. நாலாவது மனுவோடு போட்டோ வைத்துவிடலாம் என்று அந்த ஊர் உண்ணாமலை வினோதினியைக் கூப்பிட்டாள். சித்ரா பௌர்ணமி அன்று, பகல் நாலு மணிக்கு, வினோதினி சந்தில் நின்று ஒரே ஒரு படம் எடுத்தாள். பத்து நிமிஷத்தில் எஸ்.ஐ. வந்து கேமராவைப் பிடுங்கிக்கொண்டார்.

"சந்துலதான் நின்னீங்களா?" என்று கேட்டாள் மதிவதனி.

"என் புள்ளை மேல சத்தியமா சந்துலதான் நின்னேன். ஆனா இதைப் பாருங்க."

லாட்ஜ் மேனேஜர் கடிதத்தோடு சேர்த்து ஒரு படமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பயமுறுத்துவதற்காகக் கொடுத்தது. இதன் இன்னொரு பிரதி ஸ்டேஷனில் சாட்சியாக இருந்தது. இடது ஓரத்தில் நீளமாக வெள்ளைச் சுவர். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு பைப், அதிலிருந்து விழும் அழுக்குத் தண்ணீர். தூரத்தில் ரோட்டில் கிரிவலக் கும்பல், அதற்குப் பின்னால் மலை. ஆட்கள் வேர்க்கடலை அளவுக்குத்தான் தெரிந்தார்கள்.

"நான் எடுத்த படம் மாதிரியேதான் இருக்கு," என்றாள் வினோதினி. "ஆனா ஏதோ சரியில்ல. நேத்துலேர்ந்து பார்க்கறேன், என்னன்னு பிடிபடல."

*

மதிவதனியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவது சுப்பிரமணிக்கு ஒரு தண்டனை. ஸ்கூட்டருக்கும் அப்படித்தான்.

"எனக்கு ஒரு சந்தேகம் மேடம். ரோட்ல நின்னு போட்டோ எடுக்க யார்கிட்டயாவது பர்மிஷன் வாங்கணுமா?"

"பொது ரோட்ல நின்னா, அங்கிருந்து கண்ணுக்கு நேரா தெரியறதை எடுக்கலாம். எடுக்கக் கூடாதுன்னு பொதுவா ஒரு சட்டமும் இல்ல. ஆனா அடுத்தவன் காம்பவுண்டுக்குள்ள போய் எடுக்கணும்னா அவனைக் கேக்கணும். கோயிலுக்குள்ள கூடாதுன்னு போர்டு வச்சிருந்தா கூடாதுதான். குளிக்கிற பொம்பளையை எடுக்கறது ரோட்ல நின்னாலும் குத்தம், மரத்துல தொங்கினாலும் குத்தம்."

"அப்போ மொத்தக் கேஸும் அந்தப் பொண்ணு சுவருக்கு எந்தப் பக்கம் நின்னாங்கறதுலதான் இருக்கு."

"அந்த ஒண்ணுலதான் இருக்கு. பைப்பும் அதுலதான் இருக்கு. சுவருக்கு இந்தப் பக்கம் விழுந்தா ஊர்ச் சந்து, அந்தப் பக்கம் விழுந்தா அவரோட தோட்டம். தன் தோட்டத்துக்குத் தானே தண்ணி விடறேன்னுட்டுப் போயிடுவாரு."

சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தது. பௌர்ணமி முடிந்து மூன்று நாள் ஆகியும் ஒன்றிரண்டு பேர் வெறுங்காலோடு சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். சந்து முனையில் உண்ணாமலை காத்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும், முழங்கை வரை சொறிந்து புண்ணாகி இருந்தது.

"பைப்பைக் காட்டுங்க," என்றாள் மதிவதனி.

"எங்கம்மா காட்டறது. போட்டோ எடுத்த அன்னிக்கே உள்ளே இழுத்துட்டு ஓட்டையில சாக்கைத் திணிச்சுட்டாங்க. ராத்திரி திறக்கறாங்க, விடிஞ்சா மூடறாங்க. நாத்தம் மட்டும் அப்படியேதான் இருக்கு."

சுவரில் மண்ணும் சாக்குமாக ஒரு அடைப்பு தெரிந்தது. வினோதினி நின்றதாகச் சொன்ன இடத்தில் போய் நின்றான் சுப்பிரமணி. மலையைப் பார்த்துத் திரும்பி, படத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தான். அவன் முகம் வாடிவிட்டது.

"மேடம், நம்ம கட்சிக்காரங்களே நம்மகிட்ட பொய் சொல்றாங்க போல."

"என்னாச்சு?"

"இங்க நின்னா சுவரு எனக்கு வலது பக்கம் வருது. படத்துல இடது பக்கம் இருக்கு. சுவரு இடது பக்கம் வரணும்னா லாட்ஜு தோட்டத்துக்குள்ள நின்னாதான் வரும். அந்தப் பொண்ணு சுவர் ஏறிக் குதிச்சுதான் இருக்கா."

மதிவதனி படத்தை வாங்கினாள். சுப்பிரமணிக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. பிள்ளை மேல் சத்தியம் செய்தவளை அவன் நம்பியிருந்தான். கஷ்டமான நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கமும் அவனுக்கு இல்லை. ரோட்டைப் பார்த்தான். ஒரு குடும்பம் கிரிவலம் போய்க்கொண்டிருந்தது.

"இதுல கும்பலும் ஒத்து வரல," என்று முணுமுணுத்தான். "அவங்க இப்படிப் போறாங்க, படத்துல இருக்கறவங்க அப்படிப் போறாங்க. என் பஸ்ஸா இருந்தா விசில் ஊதி எல்லாரையும் இறக்கி விட்டிருப்பேன்."

மதிவதனி சட்டென்று நிமிர்ந்தாள். ரோட்டைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி ரோட்டைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

"ஸ்டேஷனுக்குப் போகலாம். வினோதினியையும் நேரா அங்க வரச் சொல்லி எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து ஒரு போன் போடுங்க."

"கையெழுத்துப் போடவா?"

"ஆமா. ஆனா போடப் போறது அவ இல்ல."

*

புறக்காவல் நிலையத்தில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுற்றும்போதெல்லாம் முனகும் ஒரு மின்விசிறி. நாற்காலிகளில் ஒன்றில் எஸ்.ஐ., இன்னொன்றில் சகாதேவன். சகாதேவன் பட்டுச் சட்டையும் விபூதிப் பட்டையுமாக, தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தோல் பை. மூன்றாவது நாற்காலியில் அவருடைய துண்டு இருந்தது.

வினோதினி சுவரோரம் நின்றாள்.

"கையெழுத்துப் போடும்மா, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்," என்றார் எஸ்.ஐ. "பொது இடத்துல பர்மிஷன் இல்லாம கேமரா எடுக்கறதே குத்தம்."

"எந்த செக்‌ஷன் சார்?" என்றாள் மதிவதனி.

"செக்‌ஷனெல்லாம் எழுதறப்ப வரும்."

"பசிக்கறப்ப சோறு வர்ற மாதிரியா சார்?" என்று கேட்டான் சுப்பிரமணி. எஸ்.ஐ. அவனை முறைத்தார்.

மதிவதனி சகாதேவனின் துண்டை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அந்த நாற்காலியை வினோதினிக்குப் போட்டாள். பிறகு மிகவும் பணிவாகப் பேச ஆரம்பித்தாள். அவள் பணிவாகப் பேசினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று சுப்பிரமணிக்குத் தெரியும்.

"ஐயா, நாங்க படத்தைப் பார்த்தோம். சுவரு இடது பக்கம் இருக்கு. நீங்க சொல்றது நியாயம்தான்னு தோணுது."

சகாதேவன் தலையை ஆட்டினார். "பொம்பளைப் புள்ளையாச்சேன்னுதான் நான் லெட்டரோட விட்டேன்."

"ஒரு சாட்சின்னா முழுசா இருக்கணும் இல்லீங்களா. ஸ்டேஷன்ல குடுத்திருக்கீங்களே, அந்தப் படத்துக்குப் பின்னாடி ரெண்டு வரி எழுதிட்டா அப்புறம் யாரும் கேள்வி கேக்க முடியாது. என்னிக்கு எடுத்தது, எங்க நின்னு எடுத்தது, ரோட்ல போறவங்க யாரு."

"இதுல என்ன இருக்கு," என்று சகாதேவன் பேனாவைத் திறந்தார். படத்தின் பின்பக்கத்தில், பெரிய எழுத்தில், சொல்லிக்கொண்டே எழுதினார். "சித்ரா பௌர்ணமி அன்று... எனது லாட்ஜ் தோட்டத்துக்குள் நின்று எடுத்த படம்... ரோட்டில் போவது கிரிவலம் வரும் பக்தர்கள்... இதில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை."

கையெழுத்துப் போட்டார். எஸ்.ஐ.யும் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மணி நாலே முக்கால்.

மதிவதனி படத்தைத் திருப்பி எஸ்.ஐ. முன்னால் வைத்தாள்.

"நீங்க கிரிவலம் போயிருக்கீங்களா சார்?"

"மாசா மாசம் பந்தோபஸ்து. அதுவே கிரிவலம்தான்."

"சுத்தறப்ப மலை எந்தக் கைப்பக்கம் இருக்கும்?"

"இது என்ன கேள்வி. வலது கைப்பக்கம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"படத்துல பாருங்க."

எஸ்.ஐ. குனிந்தார். விரலை ஒரு பக்தர் மேல் வைத்து, அவர் போகிற திசையில் நகர்த்தினார். இடமிருந்து வலமாகப் போயிற்று விரல். பின்னால் மலை. தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு இடது கையைத் தூக்கிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் சுப்பிரமணிக்கும் விளங்கியது. நேற்றிலிருந்து வினோதினிக்குப் பிடிபடாதது இதுதான். சந்தில் நின்று தான் உளறியதும் இதுதான். படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பிலிமை மறுபக்கமாக வைத்துப் பிரிண்ட் போட்டால் சுவர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தாவிவிடும். சந்தில் நின்றவள் தோட்டத்துக்குள் போய்விடுவாள், சந்தில் விழும் தண்ணீரும் தோட்டத்தில் விழும். எழுத்து எதுவும் படத்தில் இல்லாததால் தைரியமாகச் செய்துவிட்டார்கள். சட்டைப் பாக்கெட்டும் முந்தானையும் தெரியாத தூரம் வேறு. ஆனால் ஊரே சுற்றுகிற மலையை மறந்துவிட்டார்கள்.

"நாலு பேரு எதிர்ப்பக்கமா வந்திருப்பாங்க," என்றார் சகாதேவன்.

"நாலு இல்லீங்க, நாப்பத்தி மூணு," என்றான் சுப்பிரமணி. "தலை எண்ணாம நான் விசில் குடுத்ததே கிடையாது. நாப்பத்தி மூணு பேரு, சித்ரா பௌர்ணமி அன்னிக்கு, மலையை இடது பக்கம் வச்சுகினு சுத்தறாங்க. திருவண்ணாமலையில இது நடந்திருந்தா அன்னிக்கே பேப்பர்ல வந்திருக்கும்."

சகாதேவன் விபூதி அழிய நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று சிரித்தார்.

"அடடே, வேலூர் லேப்புக்காரன் தப்பா போட்டுட்டான் போல. இதுக்கு நான் என்ன பண்ணுவேன்? லேப் மிஸ்டேக்குப்பா."

எஸ்.ஐ.க்கு மூச்சு வந்தது. "ஆமாமா, லேப் மிஸ்டேக்."

கை நழுவுகிறது என்று சுப்பிரமணி பயந்தான். ஆனால் மதிவதனி இதற்காகத்தான் காத்திருந்தாள் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

"சரி, லேப் மிஸ்டேக்தான். அப்போ சரியா போட்டா சுவரு எந்தப் பக்கம் வரும் ஐயா?"

சகாதேவன் பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகினார். மதிவதனியே சொன்னாள்.

"வலது பக்கம் வரும். வலது பக்கம் வந்தா இந்தப் பொண்ணு நின்னது பொதுச் சந்து. அத்துமீறல் இல்ல. உங்க பைப்பு விழறதும் பொதுச் சந்து. மூணு மனுவுக்கும் அப்படி ஒரு பைப்பே இல்லேன்னு பதில் குடுத்திருக்கீங்க. இப்போ உங்க கைப்பட, மாத்தம் எதுவும் பண்ணாத படம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. பக்தருங்க மலையைத் தப்பா சுத்தினாங்களா, இல்ல உங்க கக்கூஸ் தண்ணி ஊர்க் குளத்துக்குப் போகுதா?"

சகாதேவன் உதவிக்கு எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. அவரைப் பார்க்கவில்லை.

"உங்களுக்கும் ஒரு கேள்வி சார்," என்று மதிவதனி எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள். "கேமராவைப் பறிமுதல் பண்ணீங்க. என்னென்ன எடுத்தீங்கன்னு மகஜர் எழுதினதா தெரியல. பிலிம் ரோல் உங்க அலமாரியிலதானே இருக்கணும். வேலூர் லேப்புக்கு யாரு எடுத்துட்டுப் போனாங்க?"

எஸ்.ஐ. எழுந்து நின்றார். பிறகு, இத்தனை நேரம் 'ஐயா, ஐயா' என்று குழைந்த அதே வாயால், "அந்தப் பையைத் திற," என்றார்.

"யாரைப் பார்த்து..." என்று ஆரம்பித்தார் சகாதேவன்.

"உன்னைத்தான்யா. பார்த்துட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போய் என் வேலைக்கே உலை வச்சுட்டியே. திற பையை."

தோல் பைக்குள் லேப் கவர் இருந்தது. கவருக்குள் நெகடிவும், அதோடு இன்னொரு பிரிண்டும் இருந்தன. அந்தப் பிரிண்டில் சுவர் வலது ஓரத்தில் இருந்தது. பக்தர்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் சரியாகத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுத்தான் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறார் மனுஷன்.

கேமராவும் நெகடிவும் இரண்டு பிரிண்டும் வினோதினி கைக்கு வந்தன. கேமராவைக் கொடுக்கும்போது எஸ்.ஐ. குரலைத் தாழ்த்தினார்.

"இதோட விட்டுடும்மா. புகார் கேன்சல். ஆனா கொஞ்ச நாளைக்கு அந்தச் சந்துப் பக்கம் கேமராவைத் தூக்கிட்டுப் போகாதே. எல்லாருக்கும் நல்லது."

வினோதினி கேமராவின் தூசியை முந்தானையால் துடைத்தாள். "இப்போ வெளிச்சம் நல்லாருக்கு சார்," என்றாள். "அங்கதான் போறேன்."

*

சந்துக்குள் வெயில் சாய்ந்து இறங்கியிருந்தது. "சந்துல நான் உளறினேனே, அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதா மேடம்?" என்று சுப்பிரமணி கேட்டான். "நீங்க உளறாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது," என்றாள் மதிவதனி. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவன் யோசித்துக்கொண்டே வந்தான்.

விஷயம் கேள்விப்பட்டு உண்ணாமலை ஒரு கடப்பாரையோடு நின்றாள். ஒரே குத்து. சாக்கு வெளியே வந்தது, உள்ளே இழுத்து வைத்திருந்த பைப்பின் வாய் தெரிந்தது, அதன் பின்னாலேயே தண்ணீரும் வந்தது. நாற்றத்தில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

வினோதினி கேமராவைத் தூக்கினாள், உடனே இறக்கிவிட்டாள். சந்தின் கோடியில் குளத்துப் படியில் இரண்டு பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். வேறு தண்ணீருக்கு வழியில்லாதவர்கள். அவர்கள் குளித்து, புடவை மாற்றி, குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பிறகு மறுபடி தூக்கினாள். அதற்குள் லாட்ஜ் வாசலில் கார் வந்து நின்றது. சகாதேவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் ஓடி வந்தார். பைப்புக்கும் கேமராவுக்கும் நடுவில் பாய்ந்து, உள்ளங்கையை லென்ஸுக்கு நேராக விரித்தார்.

"எடுக்காதே. நான் அனுமதி குடுக்கல."

கீழே தண்ணீர் அவர் செருப்பைச் சுற்றிக்கொண்டு ஓடியது. வினோதினி ஒரு அடி பின்னால் போனாள். பயந்து போகிறாள் என்று சுப்பிரமணி ஒரு கணம் நினைத்தான். அவள் ஃபோகஸை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"கையை எடுக்க வேணாம் சார், அப்படியே வச்சிருங்க," என்றாள். "பைப்பு யாரோடதுன்னு கலெக்டர் கேப்பாரு. பக்கத்துல நீங்க நின்னா எனக்கு எழுதற வேலை மிச்சம்."

அமுக்கினாள். அடுத்த படத்துக்கு பிலிமைச் சுற்றினாள்.